பேச அழைத்த பெரியவரைப் பேசவிடாமல் அனுப்பிவிட்டோம். ஜூலை முதல் நான் செயலாளர், வாரக் கூட்டத்தை எப்படி மாற்றுவது?

கரிசல்காட்டுக்காரன் (கோவில்பட்டி பக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் சேர்ந்து 6 வருஷம் ஆகிறது. வருகிற ஜூலை 1-ஆம் தேதி புது ரோட்டரி ஆண்டு தொடங்கும்போது செயலாளர் பொறுப்பு என்னிடம் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை இங்கே கேட்டே ஆக வேண்டும். ஒன்றரை மாதமாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வாரக் கூட்டம் வியாழன் இரவு 7.30-க்கு. ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைப் பேச அழைத்திருந்தோம். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சொந்த நிலத்தில் மானாவாரி விவசாயம் செய்கிறார். கரிசல் மண்ணைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. அழைத்தது நான்தான். பஸ் பிடித்து 7 மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சப்பை. எங்கள் ஆட்கள் வந்து சேர 8.20 ஆகிவிட்டது. தலைவர் மணி அடித்தார். அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, மாவட்ட மாநாட்டில் வாங்கிய கேடயத்தைக் கொண்டுவந்து காட்டியது, அதற்கு உழைத்தவர்களுக்குப் பொன்னாடை, முன்னாள் தலைவர்கள் இருவரின் "ரெண்டே நிமிஷம்". பெரியவர் கைக்கு மைக் போனபோது மணி 9.10. வெளியே சால்னா வாசனை வந்துவிட்டது. அவர் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் பின்வரிசை காலி. பத்தாவது நிமிஷம் "நேரம் ஆகிவிட்டது ஐயா" என்று ஒரு துண்டுச்சீட்டு போனது. அவர் முகம் மாறாமல், நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெட்டி கடலைமிட்டாய் கொடுத்தேன். பஸ் ஏறும்போது மஞ்சப்பையை என் கையில் கொடுத்து, "இத நீங்களே வச்சுக்கோங்க தம்பி, திரும்பத் தூக்கிட்டுப் போயி என்ன செய்ய" என்றார். கடைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். தினத்தாளில் தனித்தனியாகப் பொதிந்த இரண்டு மண்கட்டிகள், இரண்டு கண்ணாடி டம்ளர், கையால் எழுதிய நான்கு பக்கம். எங்களிடம் அவர் பேசியது முதல் பக்கத்தில் பாதி.

அந்தப் பை இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

38 உறுப்பினர்கள் இருக்கிறோம், வாரக் கூட்டத்துக்கு 12 பேர் வந்தால் அதிகம். வருஷத்துக்கு 52 வாரம். இத்தனை வாரத்துக்கும் விருந்தினரை எங்கே போய்த் தேடுவது? பாதி வாரத்தைக் குறைத்துவிடலாமா? வருகிறவருக்கு மரியாதையாக நடத்துவது எப்படி? உங்கள் ஊரில் நன்றாக நடந்தால் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

குமரிக்கடல் (நாகர்கோவில்) எழுதியது:

நான் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்காரன். எங்களுக்கு மாதம் இரண்டு கூட்டம்தான், அதனால் 52 வாரக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விருந்தினர் பேச்சு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

நாங்கள் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோமே, அது ஒரு விருந்தினர் பேச்சால் வந்தது. 1925 ஜூன் 30, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து சீடர் பாயின்ட்டில் லயன்ஸ் மாநாடு. லயன்ஸ் அமைப்பு தொடங்கி அப்போது 8 வருஷம்தான். ஹெலன் கெல்லரைப் பேச அழைத்திருந்தார்கள். ஒன்றரை வயதுக்குமேல் பார்வையும் கேட்கும் திறனும் இழந்த அந்த அம்மா நீளமாக ஒன்றும் பேசவில்லை. இருளுக்கு எதிரான போரில் பார்வையற்றோருக்காக நிற்கும் வீரர்களாக நீங்கள் வர மாட்டீர்களா என்று நேராகக் கேட்டார். அன்றைக்குப் பிடித்த வேலையை உலகம் முழுக்க அரிமாக்கள் இன்னும் விடவில்லை.

அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். எங்கள் ஊரில் பேச வருகிறவரிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "கடைசியில் எங்களிடம் ஒரு வேலை கேளுங்கள் ஐயா." முதலில் கூச்சப்படுவார்கள். அப்புறம் கேட்பார்கள். போன வருஷம் ஒரு அங்கன்வாடி டீச்சர் கேட்டது மழைக்கு ஒழுகாத ஒரு கூரை ஓரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தோம்.

பின்னலாடை (திருப்பூர்) எழுதியது:

கரிசல் அண்ணா, எங்கள் அனுபவம் வேறு. நாங்கள் வாரக் கூட்டத்தையே நிறுத்திவிட்டோம். 2016-இல் ரோட்டரி விதி தளர்ந்ததிலிருந்து மாதம் இரண்டு கூட்டம் நடத்தினால் போதும். எங்கள் ஊரில் ஷிப்மென்ட் நேரத்தில் இரவு 7.30-க்கு யாராலும் வர முடியாதுங்க. முதல், மூன்றாம் செவ்வாய் காலை 7.15-க்குக் கூடுகிறோம். இட்லி, பொங்கல், காபி. 8.30-க்கு எல்லோரும் கம்பெனிக்குப் போயாக வேண்டும், அதனால் கூட்டம் தானாகவே நேரத்துக்கு முடிந்துவிடும். வருகை 15-லிருந்து 30 ஆனது. விருந்தினருக்கும் நல்லது, சாயங்காலம் களைத்துப்போன ஆட்களிடம் பேச வேண்டியதில்லை. 52 பேரைத் தேடி அலைவதைவிட 24 பேரை நன்றாகக் கவனிக்கலாம் என்பது என் கருத்து.

தபாலம்மா (திண்டுக்கல் மாவட்டம்) எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அந்த மஞ்சப்பை கண்ணிலேயே நிற்கிறது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படிப் பை தூக்கிக்கொண்டு ஒரு சங்கத்தின் வாசலில் போய் நின்றவள்.

2015-இல் எங்கள் ஊர் தபால் நிலையத்தில் நான் சப் போஸ்ட் மாஸ்டர். அந்த ஜனவரியில்தான் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்திருந்தது. 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை பெயரில் கணக்கு. இப்போது 250 ரூபாய்க்குத் தொடங்கலாம், அன்றைக்கு 1000 ரூபாய் வேண்டும். கவுன்டரில் யாரிடம் சொன்னாலும் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போய்விடுவார்கள். ரோட்டரியில் பேசக் கூப்பிட்டார்கள். விண்ணப்பப் படிவம் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. கவுன்டரில் சொல்வதைப் போலவே சொன்னேன். முடிந்ததும் தலைவர் எழுந்து நன்றி சொல்லி உட்கார்ந்துவிடவில்லை. "சரி மேடம், இந்தச் சனிக்கிழமை நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். அரசுத் தொடக்கப்பள்ளியில் மேசை போட்டோம். ஏழெட்டுக் குழந்தைகளுக்கு முதல் 1000 ரூபாயை உறுப்பினர்களே கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் 63 கணக்கு. அடுத்த வருஷம் என்னையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1989-இல்தான் ரோட்டரி தன் விதியை மாற்றிப் பெண்களைச் சேர்க்கச் சம்மதித்தது. எங்கள் சங்கத்தில் நான் இரண்டாவது பெண். ஓய்வு பெற்ற பிறகு நிகழ்ச்சிப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள், இன்று வரைக்கும் பார்க்கிறேன்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பேச வருகிறவர் பஸ் ஏறும்போது, தான் சொன்னதை இந்த ஆட்கள் செய்வார்கள் என்ற நம்பிக்கையோடு போக வேண்டும். நாகர்கோவில்காரரும் இதைத்தான் சொல்கிறார்.

52 வாரம் என்றதும் பயப்படாதீர்கள். எங்களுக்கும் வாராவாரம் கூட்டம் உண்டு, ஆனால் வெளியாளை மாதத்துக்கு ஒருவரைத்தான் அழைக்கிறேன், மிஞ்சினால் இருவர். ஒரு வாரம் சங்க வேலை, கணக்கு வழக்கு. ஒரு வாரம் கூட்டமே வெளியில்தான். போலியோ சொட்டு மருந்து ஞாயிறு வந்தால் அதுவே எங்கள் கூட்டம். இன்னொரு வாரம் எங்கள் உறுப்பினரில் ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பல சங்கங்கள் மறந்தே போய்விட்டன. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் நண்பர்கள் மூவரோடு கூடினாரே, அது நடந்த இடம் அவர்களில் ஒருவரான சுரங்கப் பொறியாளரின் ஆபீஸ். அடுத்தடுத்த கூட்டம் அடுத்தடுத்தவர் இடத்தில். அப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் ரோட்டரி என்றே பெயர். ஒருவர் தொழில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் தொடக்கம். உங்கள் 38 பேரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர் இருப்பார், நகைக்கடைக்காரர் இருப்பார். தீக்குச்சி மருந்தில் எப்படி முக்கப்படுகிறது என்று அவர் ஆபீஸிலேயே நின்று கேட்டிருக்கிறீர்களா? எங்கள் சங்கத்தில் ஒரு பூட்டுக்காரர் இருக்கிறார். 11 வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அவர் பட்டறையில் ஒரு மாங்காய்ப் பூட்டைப் பிரித்து லீவரை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிய அன்றைக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். 38 பேரில் பத்துப் பேர் பேசினாலே பத்து வாரம் போய்விடும்.

வெளியாள் தேடுவதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டாம். 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். மாரடைப்பில் விழுந்தவர் நெஞ்சில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்று சொல்லி, எங்களையே தரையில் மண்டியிட்டு அழுத்தச் சொன்னார், தலையணையில். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டினார்கள். காவல் நிலையத்து சைபர் பிரிவுப் பெண் வந்து, பணம் போனதும் 1930-க்குப் போன் போடச் சொன்னார். எல்லோர் போனிலும் அந்த நம்பரை அங்கேயே பதியவைத்துவிட்டுத்தான் கிளம்பினார். இவர்கள் யாரும் மேடைப் பேச்சாளர்கள் கிடையாது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மே மாதம் கண் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. 20 நிமிஷம்தான் பேசினார். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் எல்லோரும் கொடுக்கலாம். அவர்கள் வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் ஃபேனை நிறுத்த வேண்டும், இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எங்களை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லவைத்தார்.

பதினோரு நாள் கழித்து ராத்திரி இரண்டரை மணிக்குப் போன். எங்கள் சங்கத்து அரிசி மண்டிக்காரர். "அக்கா, அம்மா தவறிட்டாங்க. ஃபேன நிறுத்திட்டேன். தலகாணி வச்சுட்டேன். அந்த நம்பரக் குடுங்க." டாக்டரை அழைத்துவரச் சொல்லிவிட்டு நான் கண் வங்கிக்குச் சொன்னேன். போய்ப் பார்த்தால் அறை முழுக்கப் புழுக்கம், அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோர் முகத்திலும் வேர்வை, ஒருவர்கூட ஃபேனைப் போடச் சொல்லவில்லை. அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சு காயக் காய நனைத்து அம்மாவின் இமையில் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தே காலுக்குக் கண் வங்கிக்காரர்கள் வந்தார்கள். இருபது நிமிஷத்தில் முடிந்தது. அம்மாவின் முகம் உறங்குகிற முகமாகவே இருந்தது. அம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மகன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண் வங்கிப் பெண் பேசிய அன்றைக்கு இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவே இல்லை என்று நான் அன்று வருத்தப்பட்டேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். அழைக்கும்போதே எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுங்கள், 20 நிமிஷம் பேச்சு, 10 நிமிஷம் கேள்வி. மூன்று நாள் முன்னால் ஒரு போன், அன்று காலை ஒரு போன். பஸ் ஸ்டாண்டுக்கு யார் போவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பஸ் கட்டணத்தை அவர் கேட்கும்படி வைக்காதீர்கள், உறையில் போட்டு அழைத்துவருகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அறிமுகம் மூன்று வரி. மணி அடித்த பத்தாவது நிமிஷம் மைக் அவர் கையில் இருக்க வேண்டும், வாழ்த்து, பொன்னாடை எல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று, இது என் பழைய தொழில் பாசம். பேசி ஒரு மாதம் ஆனதும் அவருக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுகிறேன். 50 காசுதான். "நீங்கள் சொன்னபடி இதைச் செய்தோம்" என்று இரண்டு வரி. எதுவும் செய்யாத மாதத்தில் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது, அது என்னை விரட்டும். அந்த 108 தம்பி என் அட்டையை வண்டியில் டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.

கரிசல்காட்டுக்காரன் எழுதியது:

தபாலம்மா, கை நடுங்கப் படித்தேன். ரொம்ப நன்றி. திருப்பூர் அண்ணா சொன்ன காலை நேரமும் நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் ஊரில் கடை திறக்கிற நேரம் ஒத்துவராது. வாராவாரம் என்பதை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை.

இரண்டு சந்தேகம். முன்னாள் தலைவர்களை எப்படிப் பேசாமல் இருக்கச் சொல்வது? வயதில் மூத்தவர்கள், என் அப்பாவின் நண்பர்கள். இன்னொன்று, விருந்தினரே ஒரு மணி நேரம் பேசினால் என்ன செய்வது? அதுவும் நடந்திருக்கிறது.

கால்நடை (புதுக்கோட்டை) எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான் பல சங்கங்களில் விருந்தினராகப் போகிறவன். கால்நடை மருத்துவர். வருஷா வருஷம் செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தை ஒட்டி வெறிநாய்க்கடி பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த தேதி அது.

முன்பெல்லாம் நானும் நீட்டிக்கொண்டே போவேன். இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் மக்கள் மூன்று நிமிஷம்கூடக் கழுவ மாட்டார்கள். அதனால் ஒரு உறுப்பினரை எழுப்பி, குழாயடியில் நிறுத்தி, கையில் ஒரு சோப்பைக் கொடுத்துக் கழுவத் தொடங்கச் சொல்கிறேன். குழாய் இல்லாத இடத்தில் ஒரு வாளியும் குவளையும். அவர் கழுவுகிற நேரம்தான் என் பேச்சு. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது, அரசு மருத்துவமனையில் தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில், ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது, காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்து போட வேண்டும், நோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது நடுவில் நாலைந்து தடவை "டாக்டர், போதுமா?" என்று குழாயடியிலிருந்து குரல் வரும். "இன்னும் இல்லை, கழுவுங்க" என்பேன். ஏழாவது நிமிஷத்தில் கூட்டம் முழுக்க அவரையே பார்க்கும். பதினைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் உடம்பில் ஏறிவிடும். அவர் கையைத் துடைக்கும்போது நான் மைக்கை வைத்துவிடுவேன்.

அதனால் பேச வருகிறவரிடம், "கையில் ஏதாவது கொண்டு வாருங்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். செய்துகாட்டுகிறவர் நேரத்துக்கு முடித்துவிடுவார். உங்கள் பெரியவர் அதைத்தான் பையில் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டு மண்கட்டியும் இரண்டு டம்ளரும் எதற்கென்று எனக்குப் புரிகிறது. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

விருந்தினராகப் போகிறவன் என்ற முறையில் இன்னும் ஒன்று: வந்தவரைத் தனியாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் கேடயத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுக்காதீர்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும்.

தபாலம்மா எழுதியது:

முன்னாள் தலைவர்களைப் பேச வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தம்பி, மனம் புண்படும். வேலை கொடுங்கள். எங்கள் ஊரில் விருந்தினரைப் பஸ் ஸ்டாண்டில் வரவேற்பதும், பக்கத்தில் உட்காருவதும், அந்த மூன்று வரி அறிமுகத்தைச் சொல்வதும் முன்னாள் தலைவர்கள்தான். முறை வைத்துக் கொடுத்திருக்கிறேன். மூத்தவர் ஒருவர் நேரில் வந்து நின்றால் விருந்தினருக்கும் அது பெருமை. நேரில் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம்.

கரிசல்காட்டுக்காரன் எழுதியது:

நேற்று ராத்திரி கடை சாத்தின பிறகு கல்லாமேல் டம்ளர் இரண்டையும் வைத்துத் தண்ணீர் ஊற்றி, கட்டிகளை ஒரே நேரத்தில் போட்டேன். பொதிந்திருந்த தாளில் ஒன்றில் "உரமூட்டை" என்றும் இன்னொன்றில் "ஆட்டுக்கிடை" என்றும் பென்சிலில் எழுதியிருந்தது. முதல் கட்டி போட்டதுமே ஓரம் உதிர்ந்து, இரண்டு நிமிஷத்தில் சேறாகி அடியில் உட்கார்ந்துவிட்டது. கிடை போட்ட நிலத்துக் கட்டி, அதாவது ராத்திரி ஆடுகளை அடைத்து அதன் எருவே உரமான நிலத்துக் கட்டி, குமிழ் குமிழாகக் காற்று விட்டுக்கொண்டு அப்படியே நின்றது. கால் மணி நேரம் கழித்தும் கட்டியாகத்தான் இருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பெய்கிற மழையில் எந்த நிலத்து மண் ஓடிப்போகும் என்பதை அந்தப் பெரியவர் பத்து நிமிஷத்தில் 12 பேருக்குக் காட்டியிருப்பார்.

நாளைக் காலையில் அவருக்குப் போன் செய்யப்போகிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதில் இருந்து தொடங்குகிறேன்.

கரிசல்காட்டுக்காரன் எழுதியது (செப்டம்பர் கடைசியில்):

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முன்னாள் தலைவர்கள் இருவர் வீட்டுக்கும் போனேன். ஒருவர் முதலில் கோபித்துக்கொண்டார், இரண்டாவது காபிக்கு அப்புறம் ஒத்துக்கொண்டார். இப்போது விருந்தினரை அழைத்துவர அவரே கார் எடுத்துப் போகிறார். ஜூலையில் இரண்டு வாரம் எங்கள் உறுப்பினர்கள் பேசினார்கள், ஒரு வாரம் கூட்டமே தீப்பெட்டி ஆபீஸில். ஆகஸ்டில் மின்வாரிய லைன்மேன் ஒருவர். அறுந்து கிடந்த ஒயரைத் தொட்டுத் தன் கூட்டாளி விழுந்ததைச் சொல்லும்போது அவரால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை, நாங்களும் பேசாமல் காத்திருந்தோம். அவர் கேட்டது, ஊரில் சாய்ந்திருக்கும் கம்பங்களைப் பட்டியல் எடுத்துத் தரச் சொல்லி. 17 கம்பம் எழுதிக் கொடுத்தோம், இதுவரை 9 நிமிர்ந்திருக்கிறது. அவருக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டேன் அம்மா. வருகை 12-லிருந்து 21. கோவில் கொடை வந்த வாரம் மட்டும் 8 பேர்தான்.

பெரியவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "கட்டியத் தண்ணியில போட்டீங்களா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். போட்டேன் என்றதும், எத்தனை நிமிஷம் நின்றது, தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். திரும்ப வந்து பேச முடியுமா என்றேன். ஹாலுக்கு வர மாட்டேன், புரட்டாசியில் விதைப்புக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் என் நிலத்துக்கு வாருங்கள், கிடை போட்ட இடத்தையும் போடாத இடத்தையும் மண்வெட்டியால் வெட்டிக் காட்டுகிறேன் என்றார். எங்களிடம் கேட்கப்போகிற வேலையையும் அன்றைக்குச் சொல்கிறாராம்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம், இரண்டு வேன், குடும்பத்தோடு 26 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய நான்கு பக்கத்தையும் டம்ளர்களையும் அதே மஞ்சப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் நேற்று மழை பெய்ததாம், கரிசல் காலில் அப்பும், எல்லோரும் பழைய செருப்பு போட்டு வாருங்கள் என்று குரூப்பில் சொல்லிவிட்டேன்.